இடது கைக் கையுறை, வலது கைக் காயம்

போன மாதம் எங்கள் பழைய பயிற்சி மையத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். நான் ஓய்வு பெற்று வந்த அதே பண்டகக் காப்பாளர் நாற்காலியில் இப்போது இருப்பவர். மரம் செதுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கையுறை வாங்க வேண்டுமாம். விலைப்பட்டியலில் எஃகு நூல் கலந்தது, ரப்பர் பூசியது, தோல் வைத்தது என்று ஏழெட்டு வகை இருக்கிறதாம். "நீங்கதான் இதுக்கு முதல்ல ஒரு நடைமுறை வச்சீங்களாமே மேடம், பழைய ஃபைல்ல உங்க கையெழுத்து இருக்கு. எத வாங்கலாம், சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மரத்தைப் பிடிக்கிற கைக்குத்தான் கையுறை வேண்டும், உளியைத் தள்ளுகிற கை வெறுங்கையாக இருக்கட்டும். விரலோடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் அதுவே ஆபத்து. இழுத்து அறுக்கிற கத்தியை நல்ல கையுறை தடுக்கும். குத்துகிற உளிமுனையை எதுவும் முழுதாகத் தடுக்காது, ஆகவே மரத்தை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கடைசல் மெஷின், டிரில் பக்கம் கையுறையோடு யாரையும் விடாதீர்கள், சுற்றுகிற இரும்பு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான். நாலைந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

போனை வைத்த பிறகும் நான் அந்தப் பழைய ஃபைலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் கையுறை நடைமுறைக்கு அடுத்து, விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரு பக்கத்தின் நகலும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை இத்தனை வருடம் கழித்தும் நான் மறக்கவில்லை. யாராவது அதைப் படித்துவிட்டு "எவ்வளவு நேர்மை" என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி வந்து கோட்டையிலிருந்து ஊராட்சி ஆபீஸ் வரை பேச்சும் எழுத்தும் மாறியிருந்த காலம். குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. பதிவு செய்யப் போனவர்களுக்கு ஊரில் சோறு தண்ணீர் இல்லாமல் ஆனதும் உண்டு. அப்போதுதான் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்க என்று திருவாரூருக்குப் பக்கத்தில் மரச்சிற்பப் பயிற்சி மையம் ஒன்று திறந்தார்கள். நான் நாகூரிலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து போகிற பண்டகக் காப்பாளர். முதலுதவிப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். என் பெயர் ஜமீலா, ஆனால் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் நான் 'ஸ்டோர் அக்கா'. வேலையில் சேர்ந்து முதல் வருடம் உளிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளவே சரியாக இருந்தது.

கண்காணிப்பாளர் சபாபதி சார் விசித்திரமான மனிதர். எந்தக் கடிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். குரல் ஓங்கிப் பேசி நான் கேட்டதில்லை. பதிவேட்டில் பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டுத்தான் அடிக்க வேண்டும். "அடிச்சதும் படிக்கிற மாதிரி இருக்கணும்மா. நாம என்ன தப்பா நினைச்சோம்னு நாளைக்கு வர்றவனுக்குத் தெரிய வேணாமா?" என்பார். 'சொந்த வேலை' என்று எழுதி விடுப்புக் கடிதம் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாற்று விடுவதா, நடவா, காய்ச்சலா, கல்யாணமா, அதை எழுத வேண்டும்.

யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போட்ட பிறகு அவர் ஒரு காரியம் செய்வார். அதே பலகையை, அதே உளியை மேஜைமேல் வைப்பார். "எப்படிப் பட்டுச்சு? பிடிச்சுக் காட்டுங்க." காயம்பட்டவர் உட்கார்ந்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தில் இருந்தவர் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்வார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "கையுறை வாங்கணும்மா. எந்தக் கையுறைன்னு அப்பறம் பாப்போம். கை எங்க வெட்டுப்படுதுன்னு முதல்ல பாருங்க."

ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிற்சியாளரின் இரண்டு கையையும் விரித்து வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். பழைய தழும்புகளையும் புதிய காயங்களையும் சிவப்பு மையால் குறித்தேன். ஆறு மாதத்தில் அந்த நோட்டு எனக்கு ஒரு பாடமாகிவிட்டது. இடது கைப் படங்கள் சிவந்து கிடந்தன, கட்டைவிரலின் அடியில், ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில், உள்ளங்கை மேட்டில். வலது கைப் படங்களில் காய்ப்பும் கொப்புளமும் தவிர ஒன்றும் இல்லை. புறங்கையில் ஒருவருக்குக்கூட வெட்டு இல்லை. அங்கே உளி வர வழியே இல்லை.

பிறகு ஒவ்வொரு கையுறையாகப் போட்டுப் பார்த்தோம். மூட்டை தூக்குகிறவர்களின் கித்தான் கையுறை வழுக்கியது. மின்கம்பத்தில் ஏறுகிறவர்களின் ரப்பர் கையுறையில் வியர்வை தேங்கியது. வெல்டிங் பட்டறைக் கையுறையைப் போட்டால் விரல் மடங்கவே இல்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் மெல்லிய ஆட்டுத்தோலில், உள்ளங்கைப் பக்கம் மட்டும் இரட்டைத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னோம். இடது கைக்கு மட்டும். ஒவ்வொருவர் கைக்கும் அளவெடுத்து. அதன் பிறகு சில மாதம் கட்டுத்துணி வாங்க வேண்டிய வேலையே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் கையுறைகளைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்லிச் சொல்லிச் சரிசெய்ய வைத்தவர் காளியப்பன். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களிடம் வந்தவர்களில் அவர் கைதான் கை. வாகைப் பலகையில் அவர் செதுக்கிய யாளியின் பிடரி மயிரைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள். அப்பா இறந்துவிட்டார், அம்மா அஞ்சம்மாள் மட்டும். பண்ணையார் ஒருவரின் மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் இருக்கும், அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதுவந்தார்கள். அம்மா பெயருக்குப் பதிவு கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். பண்ணையோ, "இவங்க குத்தகைக்காரங்களே இல்ல, கூலிக்கு வந்தவங்க" என்றது. காளியப்பன் இதைப் பற்றி மையத்தில் அதிகம் பேசமாட்டார். முடிக்க வேண்டிய வேலை இருந்ததால் உளியையும் கையுறையையும் வீட்டுக்கு எடுத்துப்போக சார் அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்.

தை மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து மையம் திறந்த இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் பண்ணைக் கார் வந்து நின்றது. பண்ணையின் காரியக்காரர் தர்மலிங்கம் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. பின்சீட்டிலிருந்து காளியப்பனைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். சட்டையெல்லாம் ரத்தம். முகம் வெளுத்திருந்தது.

சார் அறையில் உட்கார வைத்தோம். அறையில் நாங்கள் நாலு பேர்தான்.

"வீட்ல உக்காந்து செதுக்கிக்கிட்டு இருந்திருக்கான் சார். உளி வழுக்கிடுச்சு. நல்லவேளை கிளவுஸ் போட்டிருந்தான், இல்லேன்னா கையே போயிருக்கும். அந்த வழியா வந்தேன், பாத்துட்டு மனசு கேக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார் தர்மலிங்கம். "நீங்க ஒரு லெட்டர் குடுங்க. வேலையில பட்ட காயம்னு இருந்தா ஆஸ்பத்திரில தச்சு அனுப்பிடுவாங்க. போலீஸ் கீலீஸ்னு இழுக்க மாட்டாங்க."

சார் காளியப்பனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

"உளி பட்டுடுச்சுங்க" என்றார் காளியப்பன். தலை நிமிரவில்லை.

நான் கையைப் பார்த்தேன். ரத்தத்தில் ஊறிய அந்தக் கையுறை நான் தைக்க வைத்தது. அது அவருடைய வலது கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் இடத்தில் நுழைந்திருக்கிறது. ஆனால் உள்ளங்கைக்கு வைத்த இரட்டைத் தோல் புறங்கையின் மேல் கிடந்தது. யாரோ அவசரத்தில் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

மெதுவாகக் கழற்றினேன். காளியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். மணிக்கட்டின் வெளிப்பக்கம் தொடங்கிப் புறங்கையில் சாய்வாக இறங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் முளைக்கிற இடம் வரை ஒரே வெட்டு. அடியில் வெள்ளையாக நரம்பு தெரிந்தது. கையுறைத் தோலில் இருந்த வெட்டோ அதன் நடுவில், மேஜைமேல் வைத்துக் கீறியதுபோல் நேராக இருந்தது. இரண்டும் ஒட்டவே இல்லை. மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சேறு வந்தது. சேற்றோடு, அறுப்பில் உடம்பெல்லாம் ஒட்டி அரிக்கிற நெல்லின் சுணை வந்தது. ஒரு வைக்கோல் துணுக்கும் வந்தது.

முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கினால்தான் அந்த இடத்தில் வெட்டு விழும். அரிவாளைத் தடுக்கத்தான் அப்படித் தூக்குவார்கள்.

கட்டுப் போட்டு முடித்தேன். சார் எழுந்து நின்றார். அலமாரியிலிருந்து ஒரு பலகையையும் உளியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "எப்படிப் பட்டுச்சுன்னு பிடிச்சுக் காட்டணும். அது இங்க வழக்கம்."

"அவனால எப்படி சார் முடியும்? நான் காட்டறேன்" என்று தர்மலிங்கம் உளியை வலது கையில் எடுத்தார். இடது கையால் பலகையைப் பிடித்தார். தள்ளப்போனவர் நின்றார். உளி தன் வலது கையில் இருப்பதைப் பார்த்தார். காளியப்பனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "மாத்திப் பிடிச்சிருப்பான்" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆறு மாதம் கை கையாக வரைந்தவள். கேள்விக்குப் பதில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற துடிப்பு. "சார், காளியப்பன் வலது கைக்காரர். இந்தக் கையுறை இடது கைக்குத் தச்சது. வலது கைக்கு நாம தைக்கவே இல்ல. புறங்கையில உளி படாது. காயத்துல நெல் சுணை இருக்கு சார். இது உளி இல்ல."

நான் பேசிக்கொண்டிருந்தபோது காளியப்பன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். லேசாக, இரண்டு முறை. வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சார் என்னையே எழுதச் சொன்னார். விபத்துப் பதிவேட்டில் நான் கண்டதைக் கண்டபடி எழுதினேன். நெல் சுணையையும் எழுதினேன். 'இது மையத்தின் கருவியால் ஏற்பட்ட காயம் அல்ல' என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி சார் கையெழுத்துப் போட்டார். தர்மலிங்கம் கோபப்படவே இல்லை. "சரிங்க சார். உங்க விருப்பம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எங்கள் கடைநிலை ஊழியர் காளியப்பனை வாடகை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சார் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அவர் யாருக்கும் டீ சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து பதிவேட்டைக் கேட்டார். காளியப்பனை வெட்டியவர்களைப் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அவர் சுணை என்று எழுதிய வரியில் விரல் வைத்துப் படித்தார். "அப்ப வயல்லதான் இருந்திருக்கான்" என்றார். "போதும்."

காளியப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன எங்கள் ஊழியர் விசாரித்து வந்து சொல்ல, சபாபதி சாரும் நானும் அப்போதுதான் விஷயத்தை அறிந்தோம். நின்றுகொண்டு படிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெட்டுப்பட்ட அன்று காலை அம்மாவும் மகனுமாக, கூட நாலு உறவுக்காரர்களோடு தங்கள் வயலில் அறுப்புக்கு இறங்கியிருக்கிறார்கள். பண்ணை வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து தடுத்தது. அந்தத் தகராறில்தான் வெட்டு. உறவுக்காரர்கள் சிதறி ஓடினார்கள். அஞ்சம்மாளைப் பம்புசெட்டு கொட்டகையில் உட்கார வைத்து ஆட்களைக் காவல் வைத்துவிட்டு, தர்மலிங்கம் காளியப்பனிடம் பேரம் பேசியிருக்கிறார். "வயல்ல ஒண்ணும் நடக்கல. நீ வீட்ல இருந்த, உளி பட்டுச்சு. அப்படின்னா உன் அம்மாவ விட்டுடறோம். கேஸ் கிடையாது. இல்லேன்னா நெல்லைத் திருட வந்தீங்கன்னு எழுதிக் குடுப்போம்."

எங்கள் வாசலிலிருந்து புறப்பட்ட கார் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ச் சேர்வதற்குள் பண்ணையின் புகார் பதிவாகிவிட்டது. ஆயுதங்களோடு வயலில் நுழைந்து நெல்லைக் கொள்ளையடித்ததாகப் புகார். முதல் பெயர் காளியப்பன், இரண்டாவது அஞ்சம்மாள். மத்தியானமே அந்த அம்மாவைக் கொட்டகையிலிருந்து அப்படியே ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். காளியப்பன் வயலில் இருந்தார் என்பதற்கு அவர்களிடம் இருந்த வலுவான சாட்சி, என் கையெழுத்து.

காளியப்பன் சொன்ன பொய் பண்ணையைக் காப்பாற்றியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அவர் அம்மாவையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலின் கால்பக்கம் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காளியப்பன் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

திரும்பாமலே சொன்னார்: "நான்தான சொன்னேன்க்கா, உளின்னு."

தையல் போட்ட டாக்டர், கட்டுப் பிரித்ததிலிருந்து தினமும் விரலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும் என்று எங்களிடம் சொன்னார். ஜெயிலில் அதை யார் செய்வது? ஜாமீன் கிடைத்து வெளியே வந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டைபோல் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மையத்துக்கு வந்தார். உளியைத் தட்டுகிற கொட்டாப்புளியை எடுத்தார். இரண்டு அடி அடித்தார், மூன்றாவது அடியில் அது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, பெயரை நீக்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். காரணம் என்று ஒரு இடம் இருந்தது. 'கை வரவில்லை' என்று இடது கையால் எழுதியிருந்தார்.

சபாபதி சாரைக் காரணம் எதுவும் சொல்லாமல் தென்கோடிக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் என்னிடம் சொன்னது: "நாம எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்லம்மா. அதான் எனக்குப் புரியல."

கொள்ளை வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்து, கொள்ளையைக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது. குத்தகைப் பதிவு விசாரணை அதைவிட நீண்டது. அந்தக் குடும்பம் நிலத்தைக் குத்தகைக்கு உழவே இல்லை என்று பண்ணை சாதித்தது. அதற்கு எங்கள் விடுப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். 'எங்கள் குத்தகை வயலில்' நாற்று விட, நடவுக்கு, களைக்கு என்று பருவம் தவறாமல் காளியப்பன் கையெழுத்தோடு விடுப்புக் கடிதங்கள் இருந்தன. விசாரணை அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அஞ்சம்மாள் பெயரில் பதிவு ஆனது. எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். காளியப்பன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு பல வருடம் அவரைப் பார்க்கவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு, தலை நரைத்த ஒருவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். தாலுகா ஆபீசுக்கு வந்தாராம், நான் போகப்போகிறேன் என்று யாரோ சொன்னார்களாம். உட்கார வைத்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆயிற்று என்றார். வயலைப் பற்றிப் பேசினார். மேட்டூரில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போவதைப் பற்றிப் பேசினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தம்பி, அன்னிக்கு நான் எழுதினது தப்பா?"

"எழுதினது நெசம்தானக்கா" என்றார். "ஆனா அந்த ரூம்ல நாலு பேரு இருந்தோம். நீங்க பேசினீங்க, சார் பேசினாரு, அந்த ஆளு பேசினான். கை என்னுது. அந்த ஆள வெளியில அனுப்பிட்டு, என்னடா உனக்குன்னு என்னைய ஒரு வார்த்தை யாரும் கேக்கல."

சரிதான். காயத்தை இத்தனை நுணுக்கமாகப் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

"இப்ப கேக்கறேன் தம்பி. அன்னிக்குக் கேட்டிருந்தா என்ன எழுதச் சொல்லியிருப்பீங்க?"

"நெசத்தத்தான் எழுதச் சொல்லியிருப்பேன்" என்றார். "முதல்ல உங்க ஆள அனுப்பி அம்மாவ அந்தக் கொட்டகையிலேருந்து கூட்டிட்டு வாங்க, அப்பறம் எழுதுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்."

ஒரு மணி நேரம். அன்றைக்குக் காயத்தைக் கட்டியாகியிருந்தது, ரத்தம் நின்றிருந்தது. சார் வாங்கிவரச் சொன்ன டீயைக் குடித்துக்கொண்டு நான் அதைவிட அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.